ஐந்தாம் ஆண்டுக்காரி

2012ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ரோண்டா முதன்முதலாகப் பார்த்தபோது, பிரிட்டா ஹாகன் தன் கணுக்காலுக்குத் தானே டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். அயோவாவின் அந்தச் சிறு கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணியின் கை கால்களுக்கெல்லாம் பொறுப்பாளர் ரோண்டா. சுளுக்கோ, வீக்கமோ, கிழிந்த உதடோ, எதுவாயினும் அவருடைய மேசைக்குத்தான் வர வேண்டும். அவருடைய சிகிச்சை அறையில் ஒருத்தி தானே டேப் சுற்றிக்கொள்வதென்பது, விருந்துக்குப் போன வீட்டில் அடுப்படிக்குள் நுழைந்து தானே பரிமாறிக்கொள்வதைப் போன்றது.

"யார்மா நீ? அதை எதுக்கு நீயே சுத்திக்கிற? அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"உங்களுக்கு வேலை நிறைய இருக்குமேன்னுதான்..."

"யார் கத்துக்குடுத்தா?"

"யாரும் இல்ல. கன்னுக்குட்டி கால் பிசகினா எங்கப்பா சுத்துவார். பார்த்துக்கிட்டே இருப்பேன்."

"அதான் பார்த்தேன். கன்னுக்குட்டிக்குச் சுத்தற மாதிரியே சுத்தியிருக்க. காலை நீட்டு."

அவள் காலை நீட்டினாள். ஆனால், சுற்றிவிட்டதற்காக ஒரு வாரம் வரை ரோண்டாவைக் காணும்போதெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில், அண்டை வீட்டுக்குப் போவதற்கே கார் வேண்டியிருக்கும் ஒரு மாட்டுப் பண்ணையிலிருந்து வந்தவள் அவள். நல்ல உயரம், உயரத்துக்கேற்ற அகலமும் உண்டு. கதவுகளின் வழியே நுழையும்போது தேவையில்லாவிட்டாலும் சற்றே தலையைக் குனிவாள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு நடுவே ஊறுகாய் வெள்ளரித் துண்டுகளை அடுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். அந்த மணத்துக்கு அஞ்சி மற்றப் பெண்கள் பேருந்தில் அவளுக்கென்று பின்னிருக்கையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவளோ அதைத் தனக்குச் செய்த மரியாதையாகவே கொண்டாள்.

தொலைபேசியில் அவள் நாள்தோறும் பார்ப்பது தன் ஊர் வானிலையை மட்டுந்தான். அயோவாவில் பனிப்புயல் அடித்துச் சாளரங்கள் நடுங்கிக்கொண்டிருக்கும்; அவள் அதைத் திரும்பியும் பாராமல், "எங்க ஊர்ல இன்னிக்கு வெயில். அப்பா வடக்கு வேலியைச் சரி பண்ணிடுவார்" என்று யாரும் கேளாமலேயே அறிவிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தந்தை வெர்லின் அழைப்பார். இருவரும் வானிலையைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். அங்கே எத்தனை அங்குலம் பனி, இங்கே எத்தனை அங்குலம் பனி என்பதற்குள் அவர்கள் சொல்லவேண்டியவையெல்லாம் அடங்கிவிடும்போலும். பேசி முடித்தபின் அவள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும்.

ஆட்டத்தில் அவள் பணி, கைதட்டல் கிடைக்கும் பணியன்று. பந்தை வைத்திருக்கும் தோழிக்கு வழி பிறக்கும்படி எதிரணிக்காரியின் பாதையில் தூணைப்போல நிற்பாள். எதிரணிக்காரி பாய்ந்து வரும் இடத்தை முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பாள். மோதலை மார்பில் வாங்கிக்கொண்டு மல்லாந்து விழுவாள். நடுவர் பந்தை அவளுடைய அணிக்குத் தருவார். விழுந்தவளை நால்வர் சேர்ந்து தூக்கி நிறுத்துவார்கள். எழுந்தவுடன் அவள் செய்யும் முதல் வேலை, மோதியவளிடம், "உனக்கு அடி படலியே?" என்று கேட்பது. ஒருமுறை எதிரணிப் பெண் ஒருத்தி, "நீ என்ன லூஸா?" என்றே கேட்டுவிட்டாள்.

தனக்கென்று அவள் எதுவும் கேட்டதில்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பது அவள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் சொற்றொடர். இரண்டாம் ஆண்டில், ஓர் ஆட்டத்தின் நடுவே முழங்காலுக்குள் தசைநார் அறுந்து, கால் கோணலாகக் கிடக்கத் தரையில் வீழ்ந்திருந்தபோதும், ஓடி வந்து குனிந்த ரோண்டாவிடம் அதையேதான் சொன்னாள். உதடுகள் மட்டும் வெளுத்திருந்தன.

அந்த அறுவைச் சிகிச்சையால் அவள் ஓராண்டு ஆடவில்லை. ஆடாத ஆண்டைக் கணக்கில் கொள்ளாமல், ஐந்தாவது ஆண்டு ஆடிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. அவள் படிப்பையும் அதற்கேற்ப நீட்டிக்கொண்டாள். ஐந்தாம் ஆண்டுக்காரி என்பதால் அணியில் அவளுக்குக் 'கிழவி' என்று பெயர் விழுந்தது. அப்பெயரைச் சூட்டியவள் ஜோலின். அணியிலேயே குள்ளமானவள், வாய் மட்டும் மிக நீளம்.

"ஏய் கிழவி, நீ சேர்ந்தப்போ பந்து உருண்டையாத்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீதான் இன்னும் அதைக் கூடைக்குள்ள போடக் கத்துக்கல."

அக்கல்லூரியில், இறுதியாண்டு மாணவியர் சொந்த அரங்கில் ஆடும் கடைசி ஆட்டம் ஒரு திருவிழா. ஆட்டம் முடிந்ததும் விளக்குகளைச் சற்றே தணிப்பார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்படும். ஒவ்வொருத்தியும் தன் தாயையும் தந்தையையும் இரு கைகளில் பற்றிக்கொண்டு அரங்கின் மூலையிலிருந்து நடுவட்டம் வரை நடந்து வருவாள். அங்கே கோச் துவோரக் அணைத்துக்கொண்டு பூங்கொத்துத் தருவார். அவ்வளவுதான். அந்தச் சிறு நடைக்காகவே, நான்காண்டுகள் அரங்கின் பக்கம் எட்டிப் பாராத பெற்றோர்கூட வந்துவிடுவார்கள்.

பிரிட்டாவின் நான்காம் ஆண்டில், 2016 பிப்ரவரியில், வெர்லினும் அவள் தாய் மார்லிஸும் ஏழு மணி நேரம் பனியில் வண்டியோட்டி வந்தார்கள். மார்லிஸ் தலைமுடியைச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். வெர்லின் புதிதாகத் தைத்த கருநீலக் கோட்டு அணிந்து, கழுத்துப்பட்டி இறுக்கத்தில் முகம் சிவக்க, மற்றப் பெற்றோருடன் மூலையில் வரிசையில் நின்றார். ஒவ்வொரு பெயராக வாசிக்கப்பட்டது. ஹாகன் என்ற பெயர் வரவில்லை.

"அடுத்த வருஷமும் நான் ஆடப்போறேனே, கோச். இப்ப ஒரு தடவை, அப்ப ஒரு தடவைன்னு ரெண்டு தடவை நடந்தா சிரிப்பாங்க. என் பேரை விட்டுடுங்க" என்று முந்தைய வாரமே அவள் சொல்லிவிட்டிருந்தாள். பெற்றோரிடம் சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. வானிலையைப் பற்றி மட்டும் பேசும் குடும்பத்தில் நேர்கின்ற தவறு அது.

வெர்லின் மூலையில் நின்றபடியே மற்றப் பெண்கள் எல்லாருக்கும் கைதட்டினார். மகள் ஓடி வந்து விளக்கியபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அதுக்கென்ன, அடுத்த வருஷம் வர்றோம். கோட்டு எங்கேயும் ஓடிடாது" என்றார்.

உடனே கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். அன்றே திரும்பவும் ஏழு மணி நேரம். மாடுகளுக்குக் காலையில் தீனி வைக்க வேண்டுமே.

ஆகஸ்டு மாதம் வெர்லினுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பிரிட்டாதான் அழைப்பாள். மார்லிஸ் தொலைபேசியை அவர் காதருகே பிடித்துக்கொள்வார். பிரிட்டா அயோவாவின் வானிலையைச் சொல்வாள். பிறகு, தான் பார்த்து வைத்திருந்த நெப்ராஸ்காவின் வானிலையையும் தானே சொல்லி முடிப்பாள்.

ஐந்தாம் ஆண்டின் சனவரியில் ஒருநாள், பயிற்சி முடிந்து முழங்காலில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு ரோண்டாவின் மேசையில் அமர்ந்திருந்தவள், அவ்வழியே போன கோச் துவோரக்கை நிறுத்தினாள்.

"கோச், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

கோச் துவோரக் வாயிலிருந்த விசிலை எடுத்தார். "நீயா? கேக்கப்போறியா? ரோண்டா, ஒரு நாற்காலி போடு. நான் உக்காந்துக்கிறேன்."

பிரிட்டா சிரிக்கவில்லை. "அந்த விழாவை ஆட்டத்துக்கு முன்னாடியே வச்சுக்கலாமா? அப்பா எட்டு மணிக்குள்ள தூங்கிடுவார். மருந்து அப்படி. ஆட்டம் முடியற வரைக்கும் தாங்கறது கஷ்டம்."

"அங்க இருந்து எப்படிம்மா பார்ப்பார்?"

"ஐபேட்ல. எல்லா ஆட்டத்தையும் அம்மா அதுலதான் போட்டுக் காட்டறாங்க."

கோச் விசிலைக் கையில் உருட்டினார். விழாவைப் பின்னால் வைப்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். முன்பொரு முறை தொடக்கத்திலேயே வைத்து, பெண்கள் அழுதழுது, பந்து எங்கிருக்கிறதென்றே தெரியாமல் முதல் பகுதி முழுவதையும் ஆடித் தோற்றிருந்தார்கள்.

"முன்னாடி வச்சு, நீங்க மூணு பேரும் அழுது ஊத்தினீங்கன்னா?"

"நான் அழ மாட்டேன், கோச். ஜோலினுக்கு நான் பொறுப்பில்ல."

"சரி. முன்னாடியே வச்சுக்கலாம்" என்றார் கோச். போகத் திரும்பியவர் நின்று, "தனியா நடக்க வேண்டாம். ரோண்டா உன்கூட வருவா. இல்ல, நான் வரேன்" என்றார்.

"இல்ல கோச். அப்பா பார்க்கறப்போ அவர் இடத்துல வேற ஆள் நிக்கக் கூடாது."

ரோண்டா பனிக்கட்டிப் பையை எடுத்துவிட்டுத் துண்டால் முழங்காலை ஒற்றினார். அது ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது.

பிப்ரவரியில் அந்த நாளும் வந்தது. ஆறு மணி ஆட்டத்துக்கு ஐந்தரைக்கே மக்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் பேசுபவரும், மாடத்தில் நிறுத்திய கேமராவை முடுக்கி இணையத்தில் ஒளிபரப்புபவரும் ஒருவரே. கேரி டெஸ்கி என்பது அவர் பெயர். ஜோலின் பெற்றோருடன் நடந்தாள், நடுவட்டத்தை அடையுமுன்னே அழுதாள். அடுத்தவளும் அழுதாள். பிறகு கேரி, "நெப்ராஸ்காவிலிருந்து வந்து ஐந்தாண்டுகள் நம்மோடு இருந்தவர், வெர்லின், மார்லிஸ் ஹாகன் தம்பதியின் மகள், பிரிட்டா ஹாகன்!" என்று முழங்கினார்.

அவள் தனியே நடந்தாள். இருபுறமும் ஆளுக்கு இடம் விட்டவளைப்போலக் கைகளைச் சற்றே அகற்றி வைத்துக்கொண்டு, மிக மெல்ல நடந்தாள். நடுவட்டத்தில் நின்று, மாடத்துக் கேமராவை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். ஏதோ ஒரு சொல்லையும் சொன்னாள். அரங்கம் எழுந்து நின்றது. ரோண்டா மூக்கைச் சிந்திக்கொண்டார்.

இரண்டாம் பகுதி ஆட்டத்தின்போது ரோண்டாவின் தொலைபேசி அதிர்ந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக் காலத்திலிருந்தே மார்லிஸிடம் அவர் எண் இருந்தது. 'விழா எப்போது? காத்துக்கொண்டே இருக்கிறார். ஆட்டம்தான் வருகிறது' என்றிருந்தது செய்தி.

ரோண்டா அதை இரண்டு முறை படித்தார். பிறகு மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். கேரி கேமராவை முடுக்குவது எப்போதும் ஆட்டம் தொடங்கச் சற்று முன்புதான். விழா எப்போதும் ஆட்டத்துக்குப் பின்னரே வந்ததால், ஓடிக்கொண்டிருக்கும் கேமராவில் அது தானாகவே பதிவாகிவிடும். அதற்கென்று யாரும் அவரிடம் எதையும் சொல்லவேண்டியிருந்ததில்லை. இந்த முறையும் யாரும் சொல்லவில்லை. கோச் சொல்லவில்லை; ரோண்டாவும் சொல்லவில்லை. விழா நேரத்தை மாற்றிக் கேட்டவளுக்கும் அது தோன்றவில்லை.

இடைவேளையில் ரோண்டா கோச்சிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். கோச் கண்களை மூடிக்கொண்டார்.

"அவகிட்ட இப்பச் சொல்லாதே. ஆட்டம் முடிஞ்சதும் இன்னொரு தடவை நடத்திடலாம். ஒருத்தரையும் வெளிய விட வேண்டாம்னு கேரிகிட்ட சொல்லு."

சொல்லாமலிருக்க இயலவில்லை. உடைமாற்றும் அறையில் பிரிட்டாவே வந்து நின்றாள். "அம்மா ஏதாவது அனுப்பினாங்களா? அப்பா என்ன பண்ணினாராம்?"

ரோண்டா வாய் திறக்கு முன்னரே அவர் முகம் பேசிவிட்டது. பிரிட்டா தொலைபேசியை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். குனிந்து, இறுகியே இருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்து மீண்டும் கட்டினாள்.

"முடிஞ்சதும் திரும்ப நடக்கலாம்னு கோச் சொல்லியிருக்காங்க" என்றார் ரோண்டா.

"சரி."

"முழிச்சுத்தான் இருக்கார்மா. நேரமாயிடாது."

"நான் நல்லாத்தான் இருக்கேன், ரோண்டா."

மூன்றாம் பகுதியில் அவள் ஆடியதை அவ்வூரார் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரணியின் மிகப் பெரிய ஆட்டக்காரி முழு வேகத்தில் வந்தபோது குறுக்கே நின்று வாங்கிக்கொண்டு, கூடைக்கு அடியிலிருந்து சுவர் வரை சறுக்கிப் போனாள். ரோண்டாவின் தொலைபேசி உடனே அதிர்ந்தது. 'அவள் விழுந்தபோது இடக்கையைத் தூக்கினார். சத்தமும் போட்டார்.' பிரிட்டா எழுந்ததும் அங்கே யாரையோ, "அடி படலியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்காம் பகுதியின் முடிவில் அவள் அணி இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. இன்னும் சில நொடிகளே இருந்தன. பந்து கையில் சிக்கிய பிரிட்டா கூடையை நோக்கி எழும்ப, அவள் கையில் அடி விழுந்தது. நடுவர் விசிலடித்து, கோட்டில் நின்று தடுப்பாரின்றி எறியும் ஒரு புள்ளி வாய்ப்பான ஃப்ரீ த்ரோ இரண்டைக் கொடுத்தார். எதிரணியின் கோச், அவள் மனத்தைக் குலைக்க வேண்டி, உடனே ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கேட்டார்.

தண்ணீர்ப் புட்டியை நீட்டிய ரோண்டாவிடம் பிரிட்டா கண்களாலேயே கேட்டாள்.

"முழிச்சிருக்கார். ஆனா கண்ணு சொருகுதாம். சீக்கிரம் முடிஞ்சிடுமான்னு கேக்கறாங்க."

பிரிட்டா ஒரு மிடறு குடித்தாள். இருவருக்கும் கணக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒன்று தவறினாலும் ஆட்டம் அநேகமாக அத்துடன் முடியும். இன்னும் சற்று நேரத்தில் அவள் நடந்துகொண்டிருக்கலாம். இரண்டும் விழுந்தால் சமநிலை; கூடுதல் நேரம் ஆடவேண்டி வரும்.

"ரெண்டையும் போட்டுடு கிழவி!" என்று ஜோலின் அவள் முதுகில் அறைந்தாள். "உன்னை இன்னும் அஞ்சு நிமிஷம் சகிச்சுக்கறேன்!"

பிரிட்டா கோட்டருகே போய் நின்றாள். எப்போதும்போல உள்ளங்கைகளைக் காலணியின் அடியில் தேய்த்துக்கொண்டாள். ரோண்டா, தம் அணிக்காரி எறியும் பந்து வெளியே போக வேண்டுமென்று வாழ்நாளில் முதன்முறையாக விரும்பினார். விரும்பியதை எண்ணிக் கூசி, தரையைப் பார்த்தார். முதற்பந்து விழுந்த ஓசை, வலையின் மெல்லிய உராய்வு, கேட்டது. அரங்கம் அலறியது. பிறகு அமைதி. இரண்டாவதற்கு அவள் வழக்கத்தைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். பந்தைச் சுழற்றினாள், நிறுத்தினாள், மீண்டும் சுழற்றினாள். அதுவும் வலையைத் தொட்டுக்கொண்டே விழுந்தது.

ஜோலின் துள்ளிக் குதித்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிரிட்டா அவளைத் தாங்கிக்கொண்டு நின்றாள். மாடத்தின் பக்கம் அவள் பார்க்கவில்லை.

கூடுதல் நேரத்தில் அவர்கள் மூன்று புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார்கள். எதிரணிக்காரிகள் கைகுலுக்கிவிட்டு வெளியேறினார்கள். "யாரும் எழுந்து போக வேண்டாம்" என்று கேரி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார். ஒருவரும் எழவில்லை. பூங்கொத்துகள் திரும்பப் பெறப்பட்டன. ஜோலினின் கொத்தில் பாதி இதழ்களை அவள் தம்பிகள் உதிர்த்துவிட்டிருந்தார்கள். பெற்றோர் மறுபடியும் மூலையில் வரிசையில் நின்றார்கள். விளக்குகள் தணிந்தன. மாடத்தில் கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது.

வரிசையின் கடைசியில் நின்ற பிரிட்டாவிடம் ரோண்டா தொலைபேசியைக் கொடுத்தார். மறுமுனையில் மார்லிஸின் குரல் பக்கத்தில் நிற்பவர்க்கும் கேட்டது.

"இப்பத்தான் கண்ணு... இப்பத்தான். நீ அந்த ரெண்டாவது பந்தைப் போட்டப்போகூட முழிச்சிருந்தார். நான் தலையணையைச் சரி பண்ணிட்டுத் திரும்பறதுக்குள்ள..."

"ம்."

"எழுப்பட்டுமா? எழுப்பினா கண்ணைத் திறப்பார். ஆனா, தூக்கத்துல எழுப்பினா எங்க இருக்கோம்னு தெரியாம மிரண்டு போறார்டி. நீ சொல்லு. எழுப்பட்டுமா?"

நடுவட்டத்தில் ஜோலினை இரண்டாம் முறையாகக் கோச் அணைத்துக்கொண்டிருந்தார். வியர்வை காய்ந்த கையால் பிரிட்டா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அடுத்தவளின் பெயரைக் கேரி வாசித்தார். வரிசை நகர்ந்தது; அவளும் ஓரடி முன்னே வந்தாள்.

"வேண்டாம்மா, எழுப்பாதே. ஐபேடை மட்டும் அணைச்சுடாதே. அவர் முகத்துக்கு நேரா திருப்பி வை."